ஊர் ஊராகப் போய் அறியப்படாத கலைஞர்களைப் பதிவு செய்வது எப்படி?

தன் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, ஊர் எல்லையைத் தாண்டினால் யாருக்கும் தெரியாத பாடகர்கள் எந்த நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போய்ப் பதிவு செய்ய ஆசைப்படுகிற புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒலிப்பதிவு படித்திருக்க வேண்டியதில்லை, பெரிய கருவிகளும் வேண்டாம். பொறுமை வேண்டும், காது வேண்டும். பாடியவரின் பாட்டை அவர் கையிலேயே திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்கிற மனசு வேண்டும். மூன்றாவதுதான் இந்த வேலையின் உயிர் என்று நினைக்கிறேன். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதை நோக்கித்தான் போகிறது.

படி 1: பையில் என்ன இருக்க வேண்டும்

1933இல் ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலனும் அமெரிக்கத் தென்மாநிலங்களில் பாட்டு சேகரித்து அலைந்தபோது காரில் ஏற்றிக்கொண்டு போன பதிவுக் கருவியின் எடை 315 பவுண்டு, சுமார் 143 கிலோ. இன்று அதே வேலையை உள்ளங்கையில் அடங்கும் ரெக்கார்டர் செய்துவிடுகிறது. இரண்டு மைக் பொருத்தப்பட்ட ஒரு கையடக்க ரெக்கார்டர், காதை முழுதாக மூடும் ஹெட்போன், ஒரு ஸ்டாண்டு, காற்றுச் சத்தத்தைத் தடுக்கும் பஞ்சு உறையும் முடி வைத்த உறையும், கூடுதல் பேட்டரி, இரண்டு மெமரி கார்டு, ஒரு நோட்டு, பேனா. இவ்வளவு போதும்.

ரெக்கார்டர் இல்லையென்றால் ஃபோனிலேயே தொடங்குங்கள். கருவி வாங்கக் காத்திருக்கும் நாளில் ஒரு நல்ல பாட்டு கைநழுவிப் போகலாம். ஆனால் ஹெட்போன் இல்லாமல் போகாதீர்கள். உங்கள் காது வேண்டாத சத்தத்தை ஒதுக்கிவிடும். மைக் ஒதுக்காது.

படி 2: தேடுவது

புதியவர்கள் திணறுகிற இடம் இது. ஊருக்குள் போய் "இங்கே இசைக் கலைஞர்கள் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டால், "அப்படி யாரும் இல்லையே" என்ற பதில்தான் வரும். பொய்யில்லை, அவர்கள் அந்தப் பெயரில் யாரையும் நினைப்பதில்லை. கேள்வியை மாற்றிக் கேளுங்கள். கல்யாணத்துக்கு யார் வாசிப்பார்கள்? துக்க வீட்டில் யார் பாடுவார்கள்? உங்களைத் தூங்க வைக்க என்ன பாடினார்கள், அந்தப் பாட்டு இப்போது யாருக்குத் தெரியும்? கேட்ட ஐந்து நிமிடத்தில் இரண்டு மூன்று பெயராவது வந்துவிடும்.

வாத்தியம் செய்கிறவர்களையும் பழுது பார்க்கிறவர்களையும் முதலில் போய்ப் பாருங்கள். யார் தோல் மாற்ற வருகிறார்கள், யார் அடிக்கடி கம்பியை அறுத்துக்கொண்டு வருகிறார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அடிக்கடி கம்பி அறுகிறதென்றால் நிறைய வாசிக்கிறார் என்று அர்த்தம்.

சில சமயம் தேட வேண்டிய தூரம் மிகக் குறைவு. எலிசபெத் காட்டன் என்ற கிதார் கலைஞர் அமெரிக்காவில் சீகர் குடும்பத்தின் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். இசைப் பாட்டுகளைச் சேகரிப்பதே தொழிலாக இருந்த வீடு அது. அவருக்கு வாசிக்கத் தெரியும் என்பது அவர்களுக்கே பிறகுதான் தெரிந்தது. அந்த வீட்டு மகன் மைக் சீகர் பதிவு செய்த காட்டனின் முதல் ஆல்பம் 1958இல் வெளிவந்தபோது அவர் அறுபதைத் தாண்டியிருந்தார்.

பயணத் திட்டத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன்: பத்து நாளில் பத்து ஊர் வேண்டாம், மூன்று ஊர் போதும். இன்னொரு பாட்டுக்காரரைப் பற்றிய தகவல் எப்போதும் கடைசி நாளில்தான் வரும்.

படி 3: முதல் சந்திப்பில் மைக் வேண்டாம்

முதல் நாள் கருவியைப் பையைவிட்டு வெளியே எடுக்காதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். பாட்டை யாரிடம் கற்றார், எப்போது பாடுவார், யாரோடு சேர்ந்து பாடுவார் என்று பேச்சு போகட்டும். அந்தப் பேச்சில்தான் எந்தப் பாட்டு அவருக்குப் பிரியமானது என்பது தெரியும். நீங்கள் கேட்டு வாங்கும் பாட்டைவிட அவராக எடுத்துத் தரும் பாட்டு நன்றாக இருக்கும்.

அனுமதியையும் அன்றே பேசிவிடுங்கள். ஒரே கேள்வியாகக் கேட்காமல் பிரித்துக் கேளுங்கள். பதிவு செய்யலாமா? மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டலாமா? இணையத்தில் வெளியிடலாமா? அதில் பணம் வந்தால் எப்படிப் பங்கு? முதல் இரண்டுக்குச் சரி என்பவர் மூன்றாவதற்கு வேண்டாம் என்று சொல்லலாம். சில பாட்டுகள் சடங்குக்கு மட்டும் உரியவை, சில பாட்டுகளை வெளியாள் கேட்கவே கூடாது. "இது வேண்டாம்" என்று அவர் சொன்னால் காரணம் கேட்டு நச்சரிக்காதீர்கள். பாடுகிறவர் சிறுவரென்றால் பெற்றோரிடமும் கேட்க வேண்டும். அவருடைய நேரத்துக்கு எவ்வளவு தருவீர்கள் என்பதையும் பாடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

யாருடைய பாட்டு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். காட்டன் சிறுவயதில் தானே கட்டிய ஒரு பாட்டை இங்கிலாந்தில் வேறு இருவர் தங்கள் பெயரில் உரிமைப் பதிவு செய்துகொண்டார்கள். அதில் தன் பெயரை மீட்க அவர் போராட வேண்டியிருந்தது.

படி 4: இடத்தைத் தயார் செய்வது

அறைக்குள் போனதும் ஹெட்போனை மாட்டி, ரெக்கார்டரை ஓடவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள். மின்விசிறி, கடிகாரம், தெருவில் போகும் வண்டி எல்லாம் கேட்கும். அணைக்க முடிந்ததை அணையுங்கள். ஃபிரிட்ஜை அணைத்தால் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். திரும்பப் போட மறந்து கிளம்பிவிட மாட்டீர்கள்.

வெறும் சுவர் உள்ள அறையில் ஒலி முட்டி மோதும். கனமான துணியோ, மெத்தையோ, புத்தக அலமாரியோ உள்ள அறை நல்லது. அறை மூலையில் உட்கார வைக்காதீர்கள், குரல் குடத்துக்குள் பேசுவது போல ஆகிவிடும். ஆனால் அவர் எப்போதும் மரத்தடியில்தான் பாடுவார் என்றால் அங்கேயே போங்கள். முடி உறையை மாட்டிக்கொண்டால் மெல்லிய காற்றைச் சமாளிக்கலாம். பின்னால் பறவை கத்துவது குறையில்லை.

படி 5: லெவலும் மைக்கும்

ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். எம்பி3யில் பதிவு செய்ய வேண்டாம், அதில் இழந்த விவரம் திரும்ப வராது.

லெவலை, அதாவது பதிவாகும் ஒலியின் அளவை, தானாகச் சரிசெய்யும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். என் முதல் பயணத்தில் அதை அணைக்காமல் விட்டேன். மேளத்தின் ஒவ்வொரு அடிக்கும் கருவி பயந்து ஒலியைக் குறைக்க, பாடியவரின் குரல் தண்ணீரில் முங்கி முங்கி எழுவது போலப் பதிவாகியிருந்தது. அதைச் சரிசெய்ய வழியே இல்லை. இன்றும் மனசு உறுத்துகிறது.

பாட்டின் மிக உரத்த இடத்தை மட்டும் ஒருமுறை பாடச் சொல்லி, முள் மைனஸ் 12 டெசிபலைத் தொடும் அளவுக்கு லெவலை வையுங்கள். உற்சாகம் ஏறும்போது அவர் இன்னும் உரக்கப் பாடுவார், அதற்கு இந்த இடைவெளி வேண்டும். பூஜ்ஜியத்தைத் தாண்டினால் ஒலி கிழிந்துவிடும்.

ஒருவர் மட்டும் பாடினால் மைக்கை வாயிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள். பாடிக்கொண்டே வாசிப்பவர் என்றால் வாய்க்கும் வாத்தியத்துக்கும் நடுவில், நெஞ்சு உயரத்தில். குழுவாக இருந்தால் மைக்கை நகர்த்துவதைவிட ஆட்களை நகர்த்துவதுதான் வழி. தூரத்தை இரண்டு மடங்காக்கினால் திறந்த வெளியில் 6 டெசிபல் குறையும். ஆகவே மேளக்காரர் பின்னால் போகட்டும், மெல்லிய குரல்காரர் முன்னால் வரட்டும். தாழ்ந்த ஒலியை வெட்டும் ஃபில்டரை மேளம் இருக்கும்போது போடாதீர்கள், மேளத்தின் அடிவயிற்றுச் சத்தம் போய்விடும்.

ஒரு முதியவர் குழல் வாசித்தார். முதல் பதிவில் ஊதும் மூச்சு இசையைவிடப் பெரிதாகக் கேட்டது. நான் மைக்கை எப்படித் திருப்பலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஹெட்போனை அவரிடமே கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். "மூச்சு இவ்வளவு சத்தமா வருதா?" என்றார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஒரு சாண் பின்னால் நகர்ந்து, குழலின் முனையைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த பதிவில் நான் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து முதல் பாட்டு முடிந்ததும் ஹெட்போன் கலைஞரின் காதுக்குத்தான் போகிறது.

படி 6: பதிவு

சிவப்பு விளக்கு எரிகிறதா, நேரம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஃபோனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், அவர் பெயர் ஆகியவற்றை உங்கள் குரலில் சொல்லுங்கள், அவர் சம்மதத்தை அவர் குரலில் வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டு முடிந்ததும் உடனே "அருமை" என்று சொல்லிவிடாதீர்கள். கடைசி ஒலி அடங்க ஐந்து வினாடி விடுங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ரெக்கார்டரை நிறுத்தாதீர்கள். "இது எங்க அம்மா நாற்று நடும்போது பாடுவாங்க" என்பது போன்ற பேச்சு அந்த இடைவெளியில்தான் வரும். எல்லாம் முடிந்த பிறகு, யாரும் பேசாமல் அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். பின்னால் எடிட்டிங்கில் வெட்டிய இடத்தில் ஒட்டுப்போட உதவும்.

படி 7: அன்றிரவே

எவ்வளவு அசதியாக இருந்தாலும் கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டுத் தூங்குங்கள். இரண்டும் ஒரே பையில் இருக்கக் கூடாது. கார்டை வீடு திரும்பும்வரை அழிக்காதீர்கள். கோப்பின் பெயரில் தேதியும் பாடியவர் பெயரும் இருக்கட்டும்.

நோட்டில் பாட்டின் வரிகள், புரியாத சொற்களின் பொருள், அவர் பெயரை எப்படி எழுத வேண்டும் என்பதெல்லாம் வரட்டும். 1890இல் ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் மெழுகு உருளைகளில் அமெரிக்காவின் பாசமக்வாடி பழங்குடி மக்களின் பாட்டையும் பேச்சையும் பதிவு செய்தார். களத்துக்குப் போய் எடுத்த ஒலிப்பதிவுகளில் இவை மிகப் பழையவை. நூறாண்டுக்கு மேல் கழிந்த பிறகு, அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களே உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டு அவற்றின் சொற்களை மீட்டு எழுத வேண்டியிருந்தது. பக்கத்திலேயே ஆள் இருக்கும்போது கேட்டு எழுதிக்கொள்ள நமக்கு அரை மணி நேரம் போதும்.

எடிட்டிங்கில் முன்னும் பின்னும் வெட்டுங்கள், லெவலைச் சரிசெய்யுங்கள், அதற்கு மேல் வேண்டாம். எதிரொலி சேர்க்காதீர்கள். மூலக் கோப்பை அப்படியே தனியாக வைத்திருங்கள்.

படி 8: திருப்பிக் கொடுப்பது

1941இல் ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் மிசிசிப்பியில் ஒரு பண்ணைத் தொழிலாளியை அவர் வீட்டிலேயே பதிவு செய்தார்கள். போட்டுக் காட்டியபோதுதான் தன் குரல் இசைத்தட்டில் வரும் குரல்களைப் போலவே இருப்பதை அவர் கேட்டார். பிறகு தட்டின் இரண்டு பிரதிகளும் 20 டாலரும் அவருக்கு வந்து சேர்ந்தன. இரண்டு ஆண்டில் சிகாகோவுக்குக் கிளம்பிவிட்டார். அவர்தான் பின்னாளில் புளூஸ் இசையில் பெரும்புகழ் பெற்ற மடி வாட்டர்ஸ்.

பிரதியை எந்த வடிவத்தில் கேட்க முடியும் என்று அவரிடமே விசாரியுங்கள். ஒருவருக்கு ஃபோனில் அனுப்பினால் போதும், இன்னொருவரிடம் பென்டிரைவ் போடும் ரேடியோதான் இருக்கும். எல்லாப் பாட்டையும் கொடுங்கள், நீங்கள் தேர்ந்தெடுத்ததை மட்டுமல்ல. வெளியிடுவதற்கு முன் அவரை அழைத்து, எந்தப் பாட்டு, என்ன பெயரில், எங்கே வரப்போகிறது என்று சொல்லிச் சம்மதம் கேளுங்கள். இடையில் மனம் மாறி "இரண்டாவது பாட்டு வேண்டாம்" என்றால், அதுதான் உங்கள் கையில் இருப்பதிலேயே சிறந்த பதிவாக இருந்தாலும் வெளியிடாதீர்கள். கோப்பின் பெயரில் அதைக் குறித்துவைத்துவிட்டு, மற்றப் பாட்டுகளை ஏற்றுங்கள்.