ஏசிசி கூடைப்பந்துத் தொடரின் பிராக்கெட்டைக் கையால் வரைவது எப்படி?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் மார்ச் வந்தால் ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) தன் அணிகளுக்குள் ஒரு நாக்-அவுட் தொடர் நடத்தும். அதை ஜெயிக்கிற அணிக்கு, அதுவரை எப்படி ஆடியிருந்தாலும் சரி, 68 அணிகள் மோதும் என்சிஏஏ தொடரில், அதாவது நாடு தழுவிய கல்லூரித் தொடரில், நேரடி இடம். அப்படியொரு கான்ஃபரன்ஸான ஏசிசியின் (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) 2024 தொடரை வைத்துப் பழகுங்கள், அதைவிட நல்ல பாடம் கிடையாது.

பிராக்கெட் என்பது யார் யாரோடு மோதுவார்கள் என்று இறுதிவரை கோடு போட்டுக் காட்டும் அட்டவணை. அதை வரைய ஒரு தாள், பென்சில், ரப்பர் போதும். செயலிகள் வேண்டாம், அவை தானாக நிரப்பிவிடுவதால் மனதில் எதுவும் நிற்காது.

லீக் ஆட்டங்கள் முடிந்ததும் அணிகளுக்குத் தரவரிசைப்படி 1 முதல் 15 வரை எண் கிடைக்கும், 1 தான் முதலிடம். 10 முதல் 15 வரை உள்ளவர்கள் செவ்வாய்க்கிழமையே ஆட வேண்டும். 5 முதல் 9 வரை ஒரு ‘பை’ (bye), அதாவது ஒரு சுற்று ஆடாமலே புதன்கிழமை வந்தால் போதும். முதல் நான்கு அணிகளுக்கு டபுள் பை, வியாழக்கிழமை நேராகக் கால் இறுதி.

இனி ஜோடி சேர்க்க வேண்டும். செவ்வாய் ஆட்டங்களில் இரண்டு எண்களையும் கூட்டினால் 25 வரும்: 10–15, 11–14, 12–13. எப்போதும் முன்வரிசை அணியே ஜெயிக்கும் என்று வைத்துக்கொண்டால் புதன் 17, வியாழன் 9, அரையிறுதி 5, இறுதி 3. இந்தக் கணக்கை வைத்து, ஒரு ஆட்டம்கூட தொடங்குவதற்கு முன்பே முழு பிராக்கெட்டையும் கோடு போட்டு முடித்துவிடுங்கள்.

நான் தடுமாறிய இடம் அடுத்தது. பின்வரிசை அணி ஜெயித்தால், மிச்சமிருக்கும் அணிகளை எண் வாரியாக மறுபடி அடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அந்த வருடம் அரையிறுதிக்கு 1, 3, 4, 10 வந்தன. நான் 1-க்கு எதிரே 10-ஐ எழுதி வைத்தேன், அது தப்பு. ஜெயித்தவர், தோற்றவரின் இடத்தை அப்படியே எடுத்துக்கொள்வார், கோடுகள் மாறவே மாறாது. 10-ஆம் எண் என்சி ஸ்டேட் செவ்வாயன்று லூயிவில்லை வென்று, புதனன்று 7-ஆம் எண் சிராக்யூஸை வீழ்த்தி அதன் இடத்துக்கு வந்தது, அங்கிருந்து 2-ஆம் எண் டியூக்கை 74–69 என்று வென்று டியூக்கின் இடத்தில் உட்கார்ந்தது. ஆகவே அரையிறுதியில் எதிரே 3-ஆம் எண் வர்ஜீனியா! கடைசி நொடியில் மைக்கேல் ஓ'கானல் எறிந்த பந்து போர்டில் பட்டு உள்ளே விழுந்து ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனதே, அந்த ஆட்டம்தான். இறுதியில் நார்த் கரோலினாவையும் 84–76 என்று வென்றார்கள். 5 நாளில் 5 ஆட்டம், 1987-க்குப் பிறகு முதல் ஏசிசி பட்டம். டபுள் பை எவ்வளவு பெரிய சலுகை என்பதும், அது இல்லாமல் ஜெயிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதும் கையால் வரைந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

வரைந்து முடித்ததும் ஆட்டங்களை எண்ணுங்கள். 15 அணி என்றால் 14 ஆட்டம், குறைந்தால் எங்கோ ஒரு கோடு விட்டுப்போயிருக்கும்.

பிற்சேர்க்கை: ஏசிசியில் இப்போது 18 அணிகள் ஆயிற்றே, கணக்கு இடிக்கிறதே என்று இருவர் கேட்டிருந்தார்கள். 2025 தொடரிலும் முதல் 15 அணிகளுக்குத்தான் இடம், கடைசி மூன்று அணிகள் வரவில்லை. அதனால் 25-இல் தொடங்கும் அதே கணக்கு அங்கேயும் சரியாக வரும்.