மண் கண்டிஷனர் சோதனை: பக்கத்துப் பாத்தியை நம்பாதீர்கள்

போன வாரம் ஒரு புதியவர் படம் அனுப்பியிருந்தார். மண்ணைச் சீராக்கப் போடும் பொருள்களைத்தான் மண் கண்டிஷனர் என்கிறோம். அதில் ஒன்றான ஹியூமிக் அமிலம் விட்ட பாத்தியில் கத்தரி இடுப்பு உயரம். ஒன்றும் விடாத பக்கத்துப் பாத்தியில் முழங்கால் உயரம். "வேலை செய்கிறது பாருங்கள்" என்று கீழே ஒரு வரி. படத்தின் ஓரத்தில், குட்டைச் செடிகளின் மேல் மட்டும் ஒரு சுவரின் நிழல் விழுந்திருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நானும் ஒரு காலத்தில் இப்படி ஒரு படத்தை எடுத்து நாலு பேருக்குக் காட்டிப் பெருமைப்பட்டவன்தான்.

மூட்டையில் போட்டிருக்கும் அளவைப் படிக்காதது, எந்தப் பாத்தியில் எதைப் போட்டோம் என்று எழுதி வைக்காதது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு தடவை பட்டால் அவை தானாகச் சரியாகிவிடும். பட்ட பிறகும் பட்டது தெரியாத தவறுகள்தான் மோசம்.

ஒன்றுக்கு ஒன்று என்று இரண்டே பாத்தி

என் கதையைச் சொல்கிறேன். பயோசார் எனப்படும் உயிர்க்கரியைக் கிழக்கு ஓரப் பாத்தியில் போட்டேன். மேற்குப் பாத்தியை ஒப்பீட்டுக்காகச் சும்மா விட்டேன். இரண்டிலும் ஒரே நாளில் விதைத்த தக்காளி நாற்று. கிழக்கில் ஒன்றரை மடங்கு காய். சரி, கிடைத்துவிட்டது விடை என்று அடுத்த பருவத்துக்கு மூட்டை மூட்டையாக வாங்கித் தோட்டம் முழுக்கப் போட்டேன். முதுகு வலிதான் மிச்சம். கிழக்குப் பாத்தி மட்டும் வழக்கம்போல் முன்னால் நின்றது, மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது.

மூன்றாவது வருடம் கிழக்குப் பாத்தியை ஆழமாகக் கொத்தும்போது, முக்கால் அடிக்குக் கீழே கறுப்பாக, பொலபொலவென்று ஒரு அடுக்கு வந்தது. கையில் எடுத்தால் தானே உதிர்ந்தது. எப்போதோ யாரோ தொழுவுரம் குவித்து வைத்திருந்த இடம் அது. நான் இத்தனை நாளும் அளந்தது பழைய சாணத்தை!

மண் இப்படித்தான் இருக்கும் என்பது ஒன்றும் புதிதல்ல. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1910-இல் ஒரு ஏக்கர் கோதுமை விளைச்சலை 500 துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனியாக அறுத்து எடை போட்டார்கள். எல்லாத் துண்டுக்கும் ஒரே விதை, ஒரே பராமரிப்பு. ஆனால் ஒரு துண்டில் 2.73 பவுண்டு தானியம், இன்னொன்றில் 5.16. எதையும் வித்தியாசமாகப் போடாமலே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 1919-இல் அதே நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர், எந்தத் துண்டில் எதைப் போடுவது என்பதைக் குலுக்கலுக்கு விடுவதை ஒரு முறையாகவே ஆக்கினார். நாம் இன்னும் "அந்த மூலை நல்லா இருக்கு, அங்கே போடுவோம்" என்றுதான் ஆரம்பிக்கிறோம்.

ஆகவே ஐந்து இடங்களில் ஜோடி போடுங்கள். ஒவ்வொரு பாத்தியையும் குறுக்கே இரண்டாகப் பிரித்து, எந்தப் பாதிக்குப் போடுவது என்று காசைச் சுண்டி முடிவு செய்யுங்கள். போட்டதில் ஒரு பயனும் இல்லாவிட்டாலும், ஐந்து ஜோடியிலும் போட்ட பக்கமே ஜெயிக்க 32-இல் ஒரு வாய்ப்பு உண்டு. மூன்று ஜோடி என்றால் 8-இல் ஒன்று. ஒரே ஜோடி என்றால் பாதிக்குப் பாதி. அதற்கு எதற்குப் பயிர் வைக்க வேண்டும்? காசைச் சுண்டிப் பார்த்துவிட்டுப் போய்விடலாம். இடமில்லை என்பவர்களுக்கு: பெரிய பாத்தி இரண்டைவிடச் சின்னத் துண்டுகள் பத்து எவ்வளவோ மேல்.

இன்னொன்று. போடாத பாத்தி என்றால் தொடாத பாத்தி இல்லை. கண்டிஷனரைக் கலக்க ஒரு பாதியைக் கொத்தினால் மறு பாதியையும் அதே ஆழத்துக்குக் கொத்த வேண்டும். கரைசலாக ஐந்து லிட்டர் ஊற்றினால் அங்கேயும் ஐந்து லிட்டர் வெறும் தண்ணீர். இதைச் சொன்னால் "சும்மா எதற்கு வேலை" என்பார்கள். அப்புறம் மண்வெட்டி செய்த வேலைக்குப் பாக்கெட் பெயர் வாங்கும். பிரித்த கோட்டை ஒட்டிய செடிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கரைசல் கசியும், வேரும் கோடு தாண்டும்.

மூன்று பொருளை ஒன்றாகக் கலப்பது

வேண்டாம்.

குறை தெரியாமல் ஜிப்சம்

மண் இறுகிக் கிடந்தால் உடனே ஜிப்சம் என்கிறார்கள். பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டியைக் கண்ணாடி டம்ளரில் உள்ள மழைநீரில் மெதுவாக விடுங்கள். கலக்காமல் மறுநாள் பாருங்கள். கட்டி சரிந்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் கரிமப் பொருள்தான் குறைவு. அங்கே சோதிக்க வேண்டியது மக்கு உரம். கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி கலங்கினால் சோடியம் ஏறிய களர் மண்ணாக இருக்கலாம். சோடியத்தை விலக்க ஜிப்சத்தின் கால்சியத்துக்கு வேலை இருப்பது அங்கேதான். அப்போதும் விலகிய சோடியம் தண்ணீரோடு கீழே இறங்க வடிகால் வேண்டும். குழாய்த் தண்ணீரில் சோதிக்காதீர்கள், அதிலுள்ள உப்பு கலங்கலை அடக்கிவிடும்.

அமில மண்ணில் ஜிப்சம் போட்டுவிட்டு பிஹெச் ஏறவில்லை என்று குறைப்படுபவர்களும் உண்டு. அது சுண்ணாம்பின் வேலை.

தொட்டிக் கணக்கை நிலத்துக்குக் கொண்டுபோவது

தொட்டியில் பத்து சதவீதம் கலந்தேன், அருமையாக வந்தது என்பார்கள். ஒரு சதுர மீட்டரில் மேல்மண் 15 செ.மீ. ஆழத்துக்குச் சுமார் 200 கிலோ இருக்கும். எடையில் பத்து சதவீதம் என்றால் 20 கிலோ. ஹெக்டேருக்கு 200 டன்! சதுர மீட்டருக்கு ஒரு கிலோ போட்டாலே ஹெக்டேருக்கு 10 டன் ஆகிவிடும். நிலத்தில் எவ்வளவு போட முடியுமோ அந்த விகிதத்தைத்தான் தொட்டியில் சோதிக்க வேண்டும்.

முப்பதாம் நாள் தீர்ப்பு

மக்காத மரத்தூளைக் கலந்த பாத்தி முதல் மாதம் வெளிறிப் போகும். தூளை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனை எடுத்துக்கொள்வதால் வரும் பசி அது. மக்கி முடிந்ததும் அதில் ஒரு பங்கு மண்ணுக்குத் திரும்பும். உயிர்க்கரியையும் மக்கு உரத்தோடு சில வாரம் ஊறப்போடாமல் நேராகப் போட்டால் இப்படி ஏமாற்றலாம். ஒரு பருவத்தில் கைவிடாதீர்கள், ஒரு பருவத்தில் கொண்டாடவும் செய்யாதீர்கள்.

பச்சையைப் பார்த்து மயங்குவது

தராசு வாங்குங்கள். நைட்ரஜன் கூடினால் தக்காளி காடு மாதிரி இலை விடும், காய் பிந்தும். முதல் பறிப்பில் முந்திய பாதி ஐந்தாவது பறிப்பில் பின்தங்கியதை என் நோட்டிலேயே பார்த்திருக்கிறேன். கடைசிப் பறிப்புவரை, சொத்தை தனி, நல்லது தனி என்று ஒவ்வொரு துண்டுக்கும் எடை எழுத வேண்டும். எழுதுவதற்குப் பென்சில்தான் நல்லது. ஈரக்கையோடு எழுதினால் பேனா மை கலைந்துவிடும்.