பாண்டமிலிருந்து மினிக்கு: மாறும்போது கவனிக்க வேண்டியவை

டிஜேஐ பாண்டம் 4 ப்ரோ ட்ரோனை வருடக்கணக்கில் பறக்கவிட்டவர் மினி 3 ப்ரோவைக் கையில் எடுத்ததும் ‘இது பொம்மை’ என்றுதான் நினைப்பார். 1388 கிராம் எங்கே, 249 கிராம் எங்கே! லென்ஸ் இரண்டிலும், முழு ஃபிரேம் கேமரா கணக்கில், 24 மி.மீ.க்கு நிகர் என்பதால் ஃபிரேம் பழகியதுபோலவே இருக்கும். மாறுவது வெளிச்சத்தைக் கையாளும் விதமும் காற்றைக் கையாளும் விதமும். இந்த இரண்டிலும் பழைய பழக்கத்தை அப்படியே கொண்டுவந்தால் ஃபுட்டேஜும் போகும், ட்ரோனும் போகும்.

முதலில் எடை. இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவை ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவுக்கு, காசு வாங்கிக்கொண்டு எடுத்தால் தேவை. கல்யாண ஆர்டர் எடுப்பவர்கள் மினிக்கு மாறுவதற்கு முக்கியக் காரணமே இதுதான். ஆனால் கணக்கு மேலே ஏறும்போது உள்ள மொத்த எடைக்கு. 47 நிமிடம் பறக்கும் ‘பிளஸ்’ பாட்டரியைப் போட்டாலே எடை 290 கிராம் பக்கம் போய்விடும். ப்ரொப்பெல்லர் கார்டு, ஸ்ட்ரோப் லைட், ஒட்டிய ஸ்டிக்கர் எல்லாமே எடைதான். சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். அனுமதி இல்லாமல் பறக்க முடியாத சிவப்பு, மஞ்சள் மண்டலக் கட்டுப்பாடுகள் நானோவுக்கும் உண்டு. பச்சை மண்டலத்தில் 120 மீட்டர்தான் உச்சம்; விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை உள்ள பகுதியில் 60 மீட்டர்.

2022 பிப்ரவரியிலிருந்து முழு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருப்பதால் இங்கே பெரும்பாலும் கைமாறிய மினிதான் கிடைக்கும். பழைய உரிமையாளர் டிஜேஐ ஃப்ளை செயலியில் தன் கணக்கிலிருந்து ட்ரோனை நீக்கிவிட்டாரா என்று அவர் எதிரிலேயே பாருங்கள், பணம் அதன் பிறகு. செயலியில் ஒவ்வொரு பாட்டரியும் எத்தனை முறை சார்ஜ் ஆகியிருக்கிறது என்று தெரியும். ட்ரோனின் கைகள் மடங்கும் மூட்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கேமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பலைத் தாங்கும் ரப்பர்கள் எல்லாமே இடத்தில் இருக்க வேண்டும்.

பாண்டமின் ரிமோட் மினியோடு சேராது. டிஜேஐ கோ 4 செயலியும் உதவாது. திரை உள்ள ஆர்சி ரிமோட்டோடு வரும் செட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். வெயிலில் போன் சூடேறி மங்குவதும் நடுவில் அழைப்பு வருவதும் இருக்காது.

பாட்டரி விஷயத்தில் லாபம்தான். பாண்டம் பாட்டரி ஒன்று 89.2 வாட்-ஹவர், மினியுடையது 18.1. மூன்றைச் சேர்த்தாலும் பாண்டமின் ஒன்றை எட்டாது, ஏற்ற வேண்டியது அவ்வளவு குறைவு. யூஎஸ்பி-சி என்பதால் கார் சார்ஜரே போதும். மூன்று பாட்டரியைச் செருகும் சார்ஜிங் ஹப் மூன்றையும் ஒரே நேரத்தில் ஏற்றாது, ஒன்று முடிந்துதான் அடுத்தது. எனவே மூன்றுக்கும் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் எந்த பாட்டரியாக இருந்தாலும் கைப்பையில்தான்.

பாண்டமில் இறக்கையை அழுத்தித் திருகினால் மாட்டிக்கொள்ளும். மினியில் குட்டி ஸ்க்ரூ. ஓரத்தில் சின்ன வெட்டு விழுந்தாலும் அந்த மோட்டாரின் இரண்டு இறக்கைகளையும் ஸ்க்ரூவோடு சேர்த்து மாற்றுங்கள், இரண்டும் ஒரே பாக்கெட்டிலிருந்து வந்தவையாக இருக்கட்டும். குறி போட்ட இறக்கை குறி போட்ட கைக்கு. மாற்றி மாட்டினால் தரையை விட்டு எழும்பும்போதே குப்புற விழும். பாண்டமுக்கு நீளமான கால்கள் உண்டு; மினியின் வயிறு தரையை ஒட்டியே இருக்கும். புல்லில் வைத்தால் இறக்கை புல்லை வெட்டும், மணலில் வைத்தால் கிம்பலுக்குள் மணல் போகும். ஒரு லேண்டிங் பேட் அவசியம். கிம்பல் மூடியைக் கழற்றிய பிறகே பவர் பட்டனைத் தொடுங்கள்.

இனி வெளிச்சம். பாண்டமில் அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப் 2.8 முதல் 11 வரை மாறும். மினியில் எஃப் 1.7 நிலையானது. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100 வைத்தால் பாண்டமில் எஃப் 5.6-க்கு ஷட்டர் 1/800 வரும். 25 ஃபிரேம் வீடியோவுக்கு 1/50 வேண்டும் என்றால் நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) குறைக்க என்டி 16 என்ற கறுப்பு ஃபில்டர் போதும். அதே வெயிலில் மினியின் ஷட்டர் 1/9000 பக்கம் போகப் பார்க்கும். அதன் எல்லையே 1/8000. அதனால்தான் சுண்ணாம்பு அடித்த சுவரும் வெண்மணலும் ஃபோட்டோவில் வெளுத்துப்போகின்றன. 1/50-க்குக் கொண்டுவர ஏழரை ஸ்டாப் வேண்டும்: என்டி 128 போட்டால் 1/70, என்டி 256 போட்டால் 1/35. டிஜேஐ செட்டில் 16, 64, 256 மூன்றுதான். முழு வெயிலுக்கு 256-ஐப் போட்டு ஷட்டரை 1/50-ல் பூட்டி, ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். மேகமூட்டத்துக்கு 16. மாலை மயங்கினால் கழற்றிவிடுங்கள். பழைய என்டி 16 பழக்கத்திலேயே இருந்தால் நண்பகல் ஷட்டர் 1/500-க்குக் கீழே இறங்காது. பக்கவாட்டு நகர்வில் தென்னை மரங்கள் விட்டுவிட்டுத் துள்ளும். ஃபில்டர், முன்னால் இருக்கும் கண்ணாடியைத் திருகிக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டும் வகையாக இருக்க வேண்டும். மேலே ஒட்டும் வகை கிம்பல் மோட்டாரைச் சிரமப்படுத்தும்.

காற்றுதான் ஆளை ஏமாற்றும். தாங்கும் காற்று என்று பாண்டமுக்கு வினாடிக்கு 10 மீட்டர், மினிக்கு 10.7 மீட்டர் என்று போட்டிருக்கும். காகிதத்தில் மினி ஜெயிக்கிறது. நிலைத்து நிற்பது வேறு, எதிர்க்காற்றில் திரும்பி வருவது வேறு. சாதாரண என் மோடில் மினியின் உச்ச வேகம் வினாடிக்கு 10 மீட்டர். எதிரே 8 மீட்டர் காற்று என்றால் மிஞ்சுவது 2 மீட்டர். ஒரு கி.மீ. தூரத்தில் இருந்தால் வீடு திரும்ப எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். பாண்டம் பி மோடில் கிட்டத்தட்ட 14 மீட்டர் போகும், மூன்று நிமிடத்துக்குள் வந்துவிடும்.

ஆகவே புறப்படும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது அது தள்ளிவிடட்டும். ட்ரோன் தானாக வீடு திரும்பும் (ஆர்டிஎச்) உயரத்தைச் சுற்றியுள்ள மரம், டவரை விட 10, 15 மீட்டர் கூடுதலாக வைத்தால் போதும். பாண்டமில் வைத்த 100 மீட்டரை அப்படியே வைக்க வேண்டாம், மேலே போகப் போகக் காற்று கூடும். காற்று எச்சரிக்கை வந்து ட்ரோன் நகரவே இல்லை என்று தோன்றினால் ஆர்டிஎச்-ஐ ரத்து செய்துவிட்டு, தடையில்லாத இடமாகப் பார்த்து உயரத்தைக் குறைத்து, எஸ் (ஸ்போர்ட்) மோடில் வினாடிக்கு 16 மீட்டர் வேகத்தில் இழுத்து வாருங்கள். எஸ் மோடில் தடை உணரும் சென்சார்கள் வேலை செய்யாது. மற்ற மோடிலும் மினி 3 ப்ரோவுக்கு முன், பின், கீழ் மட்டும்தான் கண். பக்கவாட்டில் கரண்ட் கம்பி இருந்தால் உங்கள் கண்தான் சென்சார்.

நில அளவைக்கு, மேப்பிங்குக்கு எடுப்பவர்கள் பாண்டமை விற்க வேண்டாம். அதன் மெக்கானிக்கல் ஷட்டர் மினியில் இல்லை. வேகமாகப் பறந்துகொண்டே எடுக்கும் படங்கள் மினியில் சரியும், எல்லாவற்றையும் ஒரே வரைபடமாகத் தைக்கும்போது விளிம்புகள் பொருந்தாது. வைத்துக்கொள்வதாக இருந்தால் அதன் பாட்டரிகளை 40 முதல் 60 சதவீதத்தில் நிறுத்தி, உப்பியதைத் தனியே எடுத்து, மீதியைக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.