வேட்டை ரைபிளுக்கு ஸ்கோப் வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

ரைபிள்மேல் மாட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "இது எத்தனை எக்ஸ் வரைக்கும் போகும்?" என்பதுதான். எக்ஸ் என்றால் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 9 எக்ஸைவிட 16 மேல், 16-ஐவிட 24 இன்னும் மேல் என்று ஒரு கணக்கு மனசில் ஓடும். விற்பவர்களும் அந்த எண்ணைத்தான் எடுத்துச் சொல்வார்கள். ஆனால் மான் வேட்டையில் கைகொடுப்பதும் காலை வாருவதும் அதற்கு முன்னால் உள்ள சின்ன எண்தான். 3 முதல் 9 எக்ஸ் வரை மாற்றக்கூடிய 3-9 என்றால் அந்த 3. 6-24 என்றால் அந்த 6.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று மான் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் உரிமம், பருவம், விதிமுறை என்று எல்லாம் வகுத்து வேட்டையை அனுமதிக்கும் அமெரிக்காவை, குறிப்பாகப் பென்சில்வேனியா போன்ற கிழக்கு மாநிலக் காடுகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அங்கே வெள்ளைவால் மானுக்கான ரைபிள் பருவம் நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறையை ஒட்டித் தொடங்கும். இலை உதிர்ந்த காடு, குளிர், சீக்கிரமே இருட்டிவிடும் சாயங்காலம். ஸ்கோப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்தச் சூழலுக்குத்தான்.

பெரிய எண் மேல் உள்ள மோகம்

ஓக் மரங்களும் மவுண்டன் லாரல் புதர்களும் மண்டிய மலைச்சரிவில் 100 கஜத்துக்கு மேல் பார்வை போகிற இடமே குறைவு. மான் தென்படுவது 30, 40, 60 கஜத்தில். நிற்பது சில நொடிகள். இப்போது 6-24 ஸ்கோப்போடு உட்கார்ந்திருப்பவரின் பாட்டை யோசியுங்கள். 6 எக்ஸில் 100 கஜ தூரத்தில் தெரியும் அகலம் பொதுவாக 17, 18 அடி. 30 கஜத்தில் அது 5 அடியாகச் சுருங்கிவிடும். மானின் உடல் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். ரைபிளைத் தோளில் வைத்துக் கண்ணைக் கொண்டுபோனால் பழுப்பு மயிர்தான் தெரியும். அது முன்னந்தோளா, பின்தொடையா, பக்கத்தில் நின்ற இன்னொரு மானா என்று பிடிபடாது. காலையில் எதிர்மேட்டைப் பார்க்க 12-க்குத் திருப்பிவிட்டு மறந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

3 எக்ஸில் அதே 30 கஜத்தில் சுமார் 10 அடி தெரியும். மான் முழுதாகத் தெரியும், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரியும். பின்னால் இருப்பது தெரியாமல் யாரும் விசையில் விரல் வைக்கக் கூடாது என்பதால், இது வசதி பற்றிய விஷயம் மட்டுமல்ல.

"தூரத்தில் வந்தால்?" என்பார்கள். 9 எக்ஸ் என்பது 300 கஜத்தில் நிற்கும் மானை வெறுங்கண்ணுக்கு 33 கஜத்தில் நிற்பதுபோல் காட்டும். நெஞ்சுப் பகுதியைப் பார்த்துச் சுட அது தாராளம். வயோமிங் போன்ற மேற்கத்திய வெட்டவெளியில் புரோங்ஹார்ன் என்ற மான் போன்ற விலங்கைத் தேடிப் போகிறவருக்கு 4-12 அல்லது 3-15 நியாயமான தேர்வு. கிழக்குக் காட்டில் 2-7, 3-9, 1.5-5 இவற்றைத் தாண்டிப் போகக் காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு காலத்தில் பலரும் ஒரே ஒரு 4 எக்ஸ் ஸ்கோப்பை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க வேட்டையாடியிருக்கிறார்கள்.

வெளிச்சம் பற்றிய தப்புக் கணக்கு

பென்சில்வேனியாவில் மானைச் சுட அனுமதி உள்ள நேரம், சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்புவரை. மான் அதிகம் நடமாடுவதும் இந்த இரண்டு அரை மணிகளில்தான். ஆகவே அரையிருட்டில் ஸ்கோப் எப்படிக் காட்டுகிறது என்பது பெரிய கேள்வி. அதற்குப் பலரும் கண்டுபிடிக்கும் பதில்: முன் லென்ஸ் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது.

ரைபிளில் மாட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்து பாருங்கள். ஸ்கோப்பைக் கை நீட்டிப் பிடித்து, வெளிச்சமான சுவரைப் பார்த்துத் திருப்புங்கள். கண் வைக்கும் பக்கத்துக் கண்ணாடியில் ஒரு குட்டி வெளிச்ச வட்டம் தெரியும். உருப்பெருக்க வளையத்தை 4-லிருந்து 9-க்குத் திருப்பினால் அந்த வட்டம் கண்ணெதிரே சிறுத்துக்கொண்டே போகும். முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் வருவதுதான் அதன் அளவு. 40 மி.மீ. லென்ஸ் என்றால் 4 எக்ஸில் 10 மி.மீ., 9 எக்ஸில் 4.4 மி.மீ. உங்கள் கண்ணுக்குள் போகிற ஒளிக்கற்றை இதுதான்.

இருட்டில் நம் கண்மணி விரிவது இளம் வயதில் சுமார் 7 மி.மீ., 50 வயதை நெருங்கினால் பலருக்கு 5 மி.மீ. அளவுதான். அதற்கு மேல் ஸ்கோப் கொடுத்தாலும் கண் வாங்கிக்கொள்ளாது. 40 மி.மீ. ஸ்கோப்பை 6-ல் வைத்தால் 6.7 மி.மீ. கிடைக்கிறது. அந்தி நேரத்துக்கு அது போதும். இருட்டுகிறது என்று சொல்லி 9-க்குத் திருப்புகிறவர், வட்டத்தைத் தானே சுருக்கிக்கொள்கிறார்.

அப்படியானால் 56 மி.மீ. லென்ஸ் எதற்கு? ஜெர்மனியில் பரண்மேல் உட்கார்ந்து நிலா வெளிச்சத்தில் காட்டுப்பன்றி வேட்டையாடுவார்கள். அவர்களுக்கு 8x56 என்பது காலங்காலமாகப் பழகிய அளவு. 56-ஐ 8-ஆல் வகுத்தால் 7. கணக்கு கச்சிதம். அதையே இரவு வேட்டை இல்லாத இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் கனம்தான் மிச்சம். லென்ஸ் பெரிதானால் ஸ்கோப்பை, அதைப் பிடித்து நிறுத்தும் வளையமான ரிங்கில், உயரமானதாகப் பார்த்து மாட்ட வேண்டும். கன்னம் ரைபிளின் கட்டையில் படியாமல் அந்தரத்தில் நிற்கும். அவசரத்தில் தோளுக்குக் கொண்டுவரும்போது படம் கிடைக்காமல் தலையை ஆட்டித் தேட வேண்டியிருக்கும்.

குழாய் விஷயமும் இப்படித்தான். 1 அங்குலக் குழாயைவிட 30 மி.மீ. குழாயில் வெளிச்சம் அதிகம் என்று சொல்லி விற்பார்கள். தடித்த குழாயால் முக்கியமாகக் கிடைப்பது, குறி வைக்கும் குறுக்குக் கோட்டை மேலும் கீழும் நகர்த்தக் கூடுதல் இடம். வெளிச்சத்தைத் தீர்மானிப்பதில் கண்ணாடியின் தரமும் பூச்சும் பெரிய பங்கு வகிக்கின்றன. பூச்சு இல்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். ஸ்கோப்புக்குள் அப்படிப் பல பரப்புகள் உண்டு. 'ஃபுல்லி மல்ட்டி கோட்டட்' என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லா ஸ்கோப்பும் பளிச்சென்றுதான் இருக்கும். முடிந்தால் சாயங்காலம் போய், வாசலுக்கு எடுத்து வரச்சொல்லி, மரநிழல் மாதிரி இருண்ட ஒரு மூலையைப் பாருங்கள். இரண்டு ஸ்கோப்புக்கும் உள்ள விலை வித்தியாசம் எதற்கு என்று அப்போது தெரியும்.

ரெட்டிகிளில்தான் அதிகம் சறுக்குகிறோம்

ஸ்கோப்புக்குள் குறி வைப்பதற்காகத் தெரியும் கோடுகள்தான் ரெட்டிகிள். இப்போதைய மோகம், கிறிஸ்துமஸ் மரம் மாதிரி கீழே விரிந்துகொண்டே போகும் கோடுகளும் புள்ளிகளும் கொண்ட ரெட்டிகிள். இந்தப் பரம்பரையில் முன்னோடியான மில்-டாட், அமெரிக்க மரைன் படையின் ஸ்னைப்பர்களுக்காக 1970-களின் கடைசியில் உருவானது. தூரத்தைக் கணித்து, காற்றைக் கணித்து, நிதானமாகப் படுத்துச் சுடுகிறவருக்கு அது அருமையான கருவி. புதருக்குள் பாதி மறைந்து நிற்கும் மானைப் பார்க்கிறவருக்கோ, ஏற்கெனவே குச்சியும் கிளையுமாக இருக்கிற காட்சியில் இன்னும் நாற்பது கோடுகள்.

இதோடு சேர்ந்து வருவது ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேன், செகண்ட் ஃபோகல் பிளேன் குழப்பம். முதல் வகையில் உருப்பெருக்கத்தைக் கூட்டினால் ரெட்டிகிளும் சேர்ந்து பெரிதாகும், குறைத்தால் அதுவும் சிறுக்கும். எந்த எக்ஸில் வைத்தாலும் அதன் அளவுகோல் சரியாக இருக்கும் என்பது அதன் சிறப்பு. இரண்டாம் வகையில் ரெட்டிகிள் எப்போதும் ஒரே அளவில் தெரியும். அளவுகோல் ஒரு குறிப்பிட்ட உருப்பெருக்கத்தில் மட்டுமே, பெரும்பாலும் உச்ச எண்ணில் மட்டுமே, சரியாக இருக்கும். விலை கூடியது என்பதால் முதல் வகையே உசத்தி என்று நினைத்து வாங்குகிறார்கள். 6-24 ஸ்கோப்பில் 24-ல் அழகாகத் தெரிகிற மெல்லிய கோடு, 6-க்கு வந்ததும் கால்வாசித் தடிமன்தான் இருக்கும். அஸ்தமனம் முடிந்து பதினைந்து நிமிடம் கழித்து, கரும்பச்சை ஹெம்லாக் மரத்தடியில் நிற்கும் மான்மேல் அந்தக் கோட்டைத் தேடிப் பாருங்கள். மான் தெரியும், கோடு தெரியாது.

இதற்கான தீர்வு பழசுதான். லூபோல்ட் நிறுவனம் 1962-ல் கொண்டுவந்த டூப்ளெக்ஸ் ரெட்டிகிளில் நான்கு பக்கமும் தடித்த கம்பி, நடுவில் மட்டும் மெல்லிய குறுக்குக் கோடு. ஜெர்மன் நம்பர் 4-ல் மூன்று தடித்த கம்பிகள். மேலே மட்டும் மெல்லிசு. நடுக்கோடு இருட்டில் கரைந்துபோனாலும் தடித்த கம்பிகள் கண்ணை நடுவுக்கு இழுத்துவரும். காட்டு வேட்டைக்கு இரண்டாம் ஃபோகல் பிளேனில் இந்த இரண்டில் ஒன்று, முடிந்தால் நடுவில் ஒளிரும் புள்ளியோடு. அந்தப் புள்ளியின் வெளிச்சத்தை மிகக் குறைவாக வைக்க வேண்டும். பலர் பட்டப்பகலில் வைத்த அளவிலேயே விட்டுவிடுவார்கள். அந்தியில் அது கண்ணைக் கூசவைத்து மானையே மறைத்துவிடும்.

அடுத்தது, தூரத்தில் தோட்டா தாழ்வதைச் சரிக்கட்டும் பி.டி.சி. ரெட்டிகிள். குறுக்குக் கோட்டுக்குக் கீழே 200, 300, 400 கஜத்துக்கென்று சின்னச் சின்னக் கோடுகள் போட்டிருப்பார்கள். அந்தக் கோடுகள் ஏதோ ஒரு தோட்டாவின் எடை, வேகத்தைக் கணக்கில் வைத்துப் போட்டவை. உங்கள் தோட்டா வேறு என்றால் 300 என்று போட்டிருப்பது 270 ஆகவோ 330 ஆகவோ இருக்கலாம். சுட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது.

இதைவிடப் பெரிய விபரீதம் ஒன்று உண்டு. .308 ரைபிளை 100 கஜத்துக்கு ஜீரோ போட்டிருக்கிறீர்கள், அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே தோட்டா படும்படி சரிசெய்திருக்கிறீர்கள். 300 கஜத்தில் தோட்டா சுமார் 14 அங்குலம் தாழும். இரண்டாம் ஃபோகல் பிளேன் 3-9 ஸ்கோப்பில், 300-க்கான கோடு 9 எக்ஸில் அந்த 14 அங்குலத்தைச் சரிக்கட்டும். ஸ்கோப் 4.5-ல் இருக்கும்போது அதே கோட்டை மான்மேல் வைத்தால் அது 28 அங்குலத்துக்குச் சமம். தோட்டா குறி வைத்த இடத்துக்கு 14 அங்குலம் மேலே, மானின் முதுகைத் தாண்டிப் போய்விடும். சுட்டவர் தோட்டாவைத் திட்டுவார், ரைபிளைத் திட்டுவார்.

அதே .308-ஐ 200 கஜத்துக்கு ஜீரோ போட்டால் 100 கஜத்தில் 2 அங்குலம் அளவுக்கு மேலே படும். 250-ல் மூன்று, நான்கு அங்குலம் கீழே. வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி 8 அங்குலத்துக்குக் குறையாது. நடு நெஞ்சைப் பார்த்து வைத்தால் 250 கஜம் வரை எந்தக் கோட்டையும் எண்ணத் தேவையில்லை. அதைத் தாண்டிச் சுடும் அளவுக்குப் பயிற்சி உள்ளவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க மாட்டார்கள்.

குறியை நகர்த்தும் குமிழான டரட்டைத் திருப்பிச் சுடுவதுதான் பழக்கம் என்றால், ரெட்டிகிளும் டரட்டும் ஒரே கோண அலகில் இருக்கட்டும். ரெட்டிகிள் மில், டரட் எம்.ஓ.ஏ. என்று கலந்து வரும் ஸ்கோப்புகள் இன்னும் விற்பனையில் உண்டு. 100 கஜத்தில் ஒரு மில் 3.6 அங்குலம், ஒரு எம்.ஓ.ஏ. 1 அங்குலத்துக்குச் சற்றே மேல். குளிரில் விறைத்த விரலோடு அந்த வகுத்தல் கணக்கைப் போட முடியாது.

கண் நகர்ந்தால் குறியும் நகர்வதுபோல் தெரியும் பேரலாக்ஸ் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வேட்டை ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கஜத்துக்கு நிலையாக வைத்து வருகின்றன. 40 மி.மீ. லென்ஸில் 200 கஜத்தில் கண் ஓரத்துக்கே போனாலும் பிழை 2 செ.மீ. அளவுதான். அதற்கென்று தனிக் குமிழ் வைத்த ஸ்கோப்புக்குக் கூடுதல் பணம் தருவது, 200 கஜத்துக்குள் சுடுகிறவருக்கு வீண்.

மாட்டுவதில் வரும் கோளாறு

ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம், ஐ ரிலீஃப், குறைந்தது 3.5 அங்குலமாவது இருக்கட்டும். .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற உதைக்கும் ரைபிளுக்கு 4 அங்குலம் நல்லது. இல்லாவிட்டால் புருவத்தில் பிறை வடிவத்தில் ஒரு வெட்டு விழும். பல ஸ்கோப்புகளில் உருப்பெருக்கம் கூடக்கூட இந்தத் தூரம் குறையும், ஆகவே உச்ச எண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். செப்டம்பர் வெயிலில் டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு சரிபார்த்துவிட்டு, நவம்பரில் கனத்த கோட்டோடு போனால் ரைபிள் ஓர் அங்குலம் முன்னால் தள்ளி நிற்கும். கோட்டைப் போட்டுக்கொண்டே மாட்டுங்கள். பார்க்கிறவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

"ஸ்கோப் ஜீரோ நிற்கவில்லை" என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பும் முன், ரிங்கை ரைபிளோடு இணைக்கும் பேஸின் திருகுகளைப் பாருங்கள். தளர்ந்திருக்கும், அல்லது எண்ணெய்ப் பிசுக்கோடு முடுக்கியிருப்பார்கள். ரிங் திருகில் நேர்மாறான தவறு: கைபலத்தையெல்லாம் காட்டிக் குழாயை நசுக்கிவிடுவது. பல ரிங்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் முறுக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்டுதான். சிலவற்றுக்குக் கூடும்; கையேட்டில் இருக்கும். முறுக்கை அளந்து காட்டும் சின்ன டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கி, எதிரெதிர் திருகாக மாற்றி மாற்றி, இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி முடுக்க வேண்டும்.

பைனாகுலருக்குப் பணம் வைக்காதது

பட்ஜெட் முழுவதையும் ஸ்கோப்பில் கொட்டிவிட்டு, அசைவது மானா மனிதரா என்று ஸ்கோப் வழியாகவே பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தோட்டா ஏற்றிய ரைபிளை முன்பின் தெரியாதவர் மேல் நீட்டுகிறோம் என்பது அந்த நொடியில் உறைப்பதில்லை. தலையிலும் மார்பிலும் முதுகிலுமாகச் சேர்த்து 250 சதுர அங்குல ஆரஞ்சுத் துணி தெரிய வேண்டும் என்று பென்சில்வேனியா விதி வைத்திருப்பதே, இப்படி ஒருவரை ஒருவர் மானென்று நினைத்துச் சுடாமல் இருக்கத்தான். ஸ்கோப் ஒரு படி குறைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, மிச்சப் பணத்தில் ஒரு 8x42 பைனாகுலர் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மான்தான் என்று அதில் பார்த்து உறுதியான பிறகு, 3 எக்ஸில் வைத்த ஸ்கோப் தோளுக்கு வரட்டும்.