பெரியப்பாவின் முத்திரை அல்பம் ஒரு முதலீடா? படிப்படியாகக் கணக்குப் பார்க்கும் முறை

திருகோணமலைத் துறைமுகத்தில் நீண்ட காலம் வேலை பார்த்த என் பெரியப்பா, கண்மூடுவதற்கு முந்தைய மாதம் நான்கு முத்திரை அல்பங்களை என்னிடம் தந்து, “வித்துப் போடாத ராசா, பிள்ளையளின்ட படிப்புக்கு உதவும்” என்றார். 2021இல் மூத்த மகளின் படிப்புச் செலவு வந்து நின்றபோதுதான், அந்த அல்பங்களின் உண்மையான பெறுமதி என்ன, அவற்றில் போட்ட பணம் வங்கியில் கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். எனக்கு மூன்று மாதம் பிடித்த அந்த வேலையை நீங்கள் ஒரு வார இறுதியில் முடிக்கும்படி இங்கே எழுதுகிறேன். முத்திரையைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுப்பது போன்ற அடிப்படைகள் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதற்படி: மூன்று குவியல்

1972 மே 22இல் நாட்டின் பெயர் இலங்கை என்று மாறியதற்குப் பின் வந்த புதிய முத்திரைகளையும் முதல்நாள் உறைகளையும் (முத்திரை வெளியான நாளிலேயே அதை ஒட்டித் திகதி குத்திய உறைகள்) ஒரு பக்கம் வையுங்கள். அதற்கு முந்தைய ‘சிலோன்’ முத்திரைகள் இன்னொரு பக்கம். தபாலில் உண்மையாகப் போய்வந்த பழைய கடித உறைகள் மூன்றாவது பக்கம்.

முதற் குவியலுக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். பலரும் தாள் தாளாக வாங்கிப் பத்திரப்படுத்தியவை இவை. எல்லோரும் பத்திரப்படுத்திய பொருளுக்குத் தட்டுப்பாடு வருவதில்லை. 2022 ஆகஸ்டில் உள்நாட்டுச் சாதாரணக் கடிதக் கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக உயர்ந்தது. 3.50 ரூபா முத்திரைத் தாள் ஒன்றை ஒருவர் வாங்கி வைத்திருந்தால், அந்தக் கட்டணத்தில் ஒரே ஒரு கடிதம் அனுப்பவே 15 முத்திரைகளை ஒட்ட வேண்டியிருந்திருக்கும். பணவீக்கம் தின்றுவிட்ட முதலீட்டுக்கு இதைவிடத் தெளிவான காட்சியை நான் கண்டதில்லை.

இரண்டாம் படி: நிலையைப் பார்த்தல்

பத்து மடங்கு பெருக்கும் சிறிய பூதக்கண்ணாடி ஒன்று போதும். கைப்பேசிக் கமராவை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் அது நிறத்தைத் தானாகவே திருத்தி, பழுப்புப் புள்ளிகளை மறைத்துவிடுகிறது. யன்னலோரத்துக் காலை வெளிச்சமே நல்லது.

எங்கள் ஊரில் ஐப்பசியில் தொடங்கும் வாடைமழையும் கடற்காற்றின் ஈரமும் முத்திரைக்குப் பெரும் பகை. பெரியப்பாவின் அல்பத்தில் 1938ஆம் ஆண்டுத் தொடரின் ஒரு ரூபா முத்திரை இருந்தது. அதில் அச்சாகியிருப்பது நமது திருகோணமலைதான். முன்பக்கம் நேற்று அச்சடித்ததுபோல் இருந்தது. இடுக்கியால் மெல்லத் திருப்பியபோது, பின்புறப் பசையில் தேயிலைச் சாயம் தெறித்ததுபோல் ஏழெட்டுப் புள்ளிகளும், நடுவில் அல்பத்தில் ஒட்டுவதற்காக வைத்த சிறு கடதாசித் துண்டின் மிச்சமும் இருந்தன. அந்தக் கடதாசித் துண்டுதான் அடுத்த படியில் என்னைக் கவிழ்த்தது.

மூன்றாம் படி: விலைப்பட்டியலை வாசித்தல்

பிரித்தானியக் குடியேற்ற நாட்டு முத்திரைகளுக்கு நான் நம்புவது ஸ்டான்லி கிப்பன்ஸ் பட்டியலைத்தான். புதிய பதிப்பே வேண்டும் என்றில்லை, சில ஆண்டு பழைய பிரதியும் போதும். ஒவ்வொரு முத்திரைக்கும் எதிரே இரண்டு விலைகள் இருக்கும்: இடப்பக்கம் பாவிக்காததற்கு, வலப்பக்கம் பாவித்ததற்கு. நான் இடப்பக்க எண்களை வரிசையாகக் கூட்டி, பவுணை ரூபாவாக்கி, மகளின் நான்கு ஆண்டுச் செலவும் தீர்ந்தது என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

நான் தவறவிட்டது பட்டியலின் முன்னுரைப் பக்கங்களை. ஐந்தாம் ஜோர்ஜ் காலத்துப் பாவிக்காத முத்திரைக்கு அங்கே தரப்படும் விலை, பின்புறம் இலேசாகக் கடதாசி ஒட்டப்பட்டதற்கு உரியது. ஆறாம் ஜோர்ஜ் காலத்திலிருந்தோ, அந்த விலை ஒருபோதும் எதுவும் ஒட்டப்படாத, பசை முழுமையாக உள்ள முத்திரைக்கு மட்டுமே. திருகோணமலைப் படம் 1935இல் ஐந்தாம் ஜோர்ஜின் தலையுடனும் 1938இல் ஆறாம் ஜோர்ஜின் தலையுடனும் ஒரு ரூபா முத்திரையில் வந்தது. பார்வைக்கு உடன்பிறந்தவை போன்ற இந்த இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கடதாசி ஒட்டப்பட்டிருந்தாலும், முன்னையதற்குப் பட்டியல் விலை பொருந்தும், பின்னையதற்குப் பொருந்தாது. எந்தத் தலை என்று பார்த்த பின்பே எண்ணைத் தொடுங்கள். 1938 தொடரின் சில பெறுமதிகள் வெவ்வேறு துளையளவுகளில் அச்சானவை என்பதால், ஓரத்துப் பற்களை அளக்கும் அளவுகோல் ஒன்றும் வேண்டும்.

இன்னொன்று: பட்டியலில் இருப்பது ஒரு வியாபாரி உங்களுக்கு விற்கும் விலை. அவர் உங்களிடம் வாங்கும் விலை அதுவல்ல.

நான்காம் படி: விற்று முடிந்த விலை

ஈபேயில் தேடும்போது, விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியைப் போடுங்கள். கேட்கும் விலை ஆசையைத்தான் காட்டும். ஒரே நிலையில் உள்ள ஐந்து விற்பனைகளைக் குறித்து, நடுவில் உள்ளதை எடுத்து, தளத்தின் தரகையும் பதிவுத் தபால் செலவையும் கழியுங்கள். ஏலத்தில் கொடுத்தால் விற்பவரிடம் ஒரு தரகு, வாங்குபவரிடம் அதற்கு மேலொரு தரகு. இரண்டும் கடைசியில் உங்கள் விலையிலிருந்துதான் போகும். இப்படிக் கழித்தபோது, நான் வீட்டில் சொல்லிய தொகையில் ஆறிலொரு பங்குதான் நின்றது.

ஐந்தாம் படி: ஆண்டு வளர்ச்சி

பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு பிடித்ததோ அந்த எண்ணால் 72ஐ வகுத்தால், ஆண்டு வளர்ச்சி ஏறத்தாழக் கிடைக்கும். பெரியப்பாவின் கொப்பியில், 1985இல் ஒரு தொகுதியை 900 ரூபாவுக்கு வாங்கியதாகக் குறிப்பு இருந்தது. 2021இல் அதை விற்று, செலவு போக என் கைக்கு வந்தது 14,400 ரூபா. பதினாறு மடங்கு என்றதும் நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் பதினாறு மடங்கு என்பது நான்கு முறை இரட்டிப்பு. 36 ஆண்டில் நான்கு முறை என்றால் ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை. 72ஐ 9ஆல் வகுத்தால் 8 சதவீதம். அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் இங்கே நிலையான வைப்புகளே இரட்டை இலக்க வட்டி தந்தன.

முத்திரை தரமற்றது என்பதால் இப்படி ஆனது என்றும் சொல்ல முடியாது. உலகின் மிகப் பெயர்பெற்ற முத்திரையான 1856ஆம் ஆண்டுப் பிரித்தானிய கயானா ஒரு சதம், 1980இல் 9,35,000 டொலருக்கும் 2014இல் ஏறத்தாழ 95 இலட்சம் டொலருக்கும் விற்பனையானது. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 7 சதவீதம். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் நீண்டகால முறிகளே 10 சதவீதத்துக்கு மேல் கொடுத்தன. 2014இல் வாங்கியவர் 2021இல் விற்றபோது கிடைத்தது ஏறத்தாழ 83 இலட்சம் டொலர். உலகில் ஒன்றே ஒன்று உள்ள பொருளிலும் நட்டம் வந்தது.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். நல்ல சிலோன் முத்திரைகளுக்குச் சந்தை பவுணிலும் டொலரிலும் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியபோது, வங்கியில் ரூபாவாகப் பணம் வைத்திருந்தவரைவிட அல்பம் வைத்திருந்தவருக்குப் பாதுகாப்பு இருந்தது. ஆனால் அது ரூபா விழுந்ததால் வந்த ஏற்றம். முத்திரையின் பவுண் விலை அப்படியேதான் இருந்தது. ஆகவே நான் சொல்வது இதுதான்: சேகரியுங்கள், ஆனால் பிள்ளையின் படிப்புப் பணத்தை அதில் போடாதீர்கள்.

பின்சேர்க்கை 1: நிச்சயமான வருமானம் தருவதாகச் சொல்லும் முத்திரைத் திட்டத்தில் சேரலாமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வேண்டாம், அம்மா. ஸ்பெயினில் இப்படி வாக்குறுதி தந்த இரண்டு பெரிய நிறுவனங்கள் 2006 மே மாதத்தில் பொலிஸ் சோதனையோடு சரிந்தன. பழைய முதலீட்டாளருக்குக் கொடுத்த பணம் முத்திரையிலிருந்து வரவில்லை, புதிதாகச் சேர்ந்தவர்களிடமிருந்து வந்தது. பணத்தை இழந்தவர்கள் இலட்சக்கணக்கானோர்.

பின்சேர்க்கை 2: மூன்றாம் குவியலைப் பற்றி நான் எழுதாமல் விட்டதால், நிலாவெளியிலிருந்து ஒரு தம்பி வீட்டிலிருந்த பழைய உறைகளின் முத்திரைகளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றிவிட்டதாக எழுதினார். மற்றவர்கள் தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக இருந்த ஊர் இது. போர்க்காலத் தணிக்கை அடையாளமும் திருகோணமலைத் திகதி முத்திரையும் தெளிவாக விழுந்த ஓர் உறையைத் தேடுபவர்கள், அதில் ஒட்டிய முத்திரை மலிவானதா என்று பார்ப்பதில்லை. அதே உறை இரண்டாவது ஒன்று கிடையாது. பெரியப்பாவிடம் அப்படி ஆறு உறைகள் இருந்தன. அவற்றை நான் விற்கவில்லை; அமிலமற்ற தாளுக்கிடையே வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களுடன் இறுக்கமான பெட்டியில் போட்டு, ஒவ்வொரு ஐப்பசிக்கு முன்பும் பொட்டலங்களை மாற்றி வருகிறேன்.