குழந்தைப்பருவ அழுத்தமும் மூளைக்காயமும்: ஆய்வுச் செய்திகளை வாசிக்கும் முறை

இளம் வயதில் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவர்களின் மூளை பிற்காலத்தில் தலைக்காயத்தையோ பக்கவாதத்தையோ தாங்கும் வலுவை ஓரளவு இழந்திருக்கும் என்ற செய்தி இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. துன்பமான குழந்தைப்பருவத்தைக் கடந்து வந்த ஒருவர் இதைப் படித்தால், தன் மூளை ஏற்கெனவே பாழாகிவிட்டது என்றே எண்ணக்கூடும். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. அவை சொல்வதையும் சொல்லாததையும் பிரித்தறிய, மாணவர்களும் தலைக்காயம்பட்டவரைப் பராமரிக்கும் குடும்பத்தினரும் கவனிக்க வேண்டியவற்றை இங்கே விளக்குகிறேன்.

முதலில் அடிப்படை இயக்கத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. அழுத்தம் நேரும்போது அட்ரீனல் சுரப்பி, மனிதரில் கார்டிசால், எலியில் கார்டிகோஸ்டீரோன் என்ற ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறது. நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகேம்பஸ் பகுதியில் இந்த ஹார்மோனுக்கான ஏற்பிகள் (ஹார்மோனைப் பற்றிக்கொண்டு செல்லுக்குச் செய்தி சொல்லும் புரதங்கள்) செறிந்திருப்பதை புரூஸ் மெக்கீவன் குழு 1968-இல் காட்டியது. சுரப்பு போதும் என்று உணர்ந்து அதை அடக்குவதில் இந்த ஏற்பிகளுக்குப் பங்குண்டு. தாய் அதிகம் நக்கி வளர்த்த எலிக்குட்டிகளில் இவ்வேற்பி கூடுதலாகவும், குறைவாக நக்கப்பட்டவற்றில் குறைவாகவும் இருப்பதையும், அதற்குரிய மரபணுவின் மீது படிந்து அதன் செயல்பாட்டை மட்டுப்படுத்தும் மெத்தில் என்ற வேதிக் குறிகள் அந்த வேறுபாட்டோடு தொடர்புடையவை என்பதையும் மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியின் குழு 2004-இல் வெளியிட்டது. இதற்கு வெகு முன்பே, 1985-இல், ராபர்ட் சபோல்ஸ்கியும் வில்லியம் புல்சினெல்லியும், மூளைக்கு ரத்த ஓட்டம் தடைப்படும்போது இந்த ஹார்மோன் மிகுந்திருந்தால் எலியின் நரம்புச் செல்கள் கூடுதலாக அழிவதைக் கண்டிருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கருதுகோள் விளங்கும்: அடக்கும் அமைப்பு இளமையிலேயே பலவீனப்பட்டிருந்தால், பின்னாளில் காயம் நேரும் வேளையில் ஹார்மோன் நீண்ட நேரம் உயர்ந்தே நின்று சேதத்தைப் பெருக்கலாம். மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியா முன்கூட்டியே தூண்டப்பட்ட நிலையில் இருந்து, காயத்தின்போது மிகையாக எதிர்வினை காட்டுவதும் மற்றொரு வழியாகக் கருதப்படுகிறது.

அடுத்து, "அழுத்தம்" என்று ஆய்வாளர் எதைக் குறிக்கிறார் என்று பாருங்கள். கலிபோர்னியாவில் டாலி பாராம் குழு வளர்த்தெடுத்த முறையில், எலிக்குட்டிகள் பிறந்த சில நாட்களில், கூண்டின் தரையில் கம்பி வலை போடப்பட்டு, கூடு கட்டுவதற்குச் சிறு காகிதத் துண்டு மட்டுமே தாய்க்குக் கொடுக்கப்படுகிறது. குட்டிகளைத் தாயிடமிருந்து யாரும் பிரிப்பதில்லை. ஆனால் கூடு அமையாத தாய் பாலூட்டத் தொடங்கி, பாதியில் எழுந்து போய், மீண்டும் வந்து, சில நேரம் குட்டிகளை மிதித்தும் விடுகிறது, கவனிப்பு துண்டுதுண்டாகிறது. வேறு ஆய்வுகளில் குட்டிகள் நாள்தோறும் சில மணி நேரம் பிரிக்கப்படுகின்றன. சில நிமிடங்கள் மட்டும் எடுத்து வைத்துத் திருப்பிவிட்டால் விளைவு நேர்மாறாகி, குட்டிகள் அழுத்தத்தை நன்றாகச் சமாளிப்பவையாக வளர்வதை 1950-களிலேயே சீமோர் லெவின் கவனித்தார். ஆகவே பிரிவின் கால அளவைச் சொல்லாத செய்தியை நம்பி எந்த முடிவுக்கும் வரவேண்டாம்.

என் பார்வையில் மிக முக்கியமான சோதனை ஒப்பீட்டுக் குழுக்களைப் பற்றியது. அழுத்தமும் காயமும் இல்லாதவை, அழுத்தம் மட்டும் பெற்றவை, காயம் மட்டும் பெற்றவை, இரண்டும் பெற்றவை என நான்கு குழுக்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அழுத்தம் மட்டுமே நினைவாற்றலைக் குறைக்கக்கூடியது. பாராம் குழு 2005-இல் காட்டியதுபோல அக்குறைவு நடுவயதில்தான் வெளிப்படவும் கூடும். எனவே இரண்டும் பெற்ற விலங்கு மோசமாக இருந்தது என்பது மட்டும் போதாது. காயத்தால் நேர்ந்த இழப்பு, அழுத்தம் பெற்றவற்றில் பெறாதவற்றைவிடப் பெரிதாக இருந்தால்தான் "பாதிப்புக்கு உள்ளாகும் தன்மை கூடியது" என்று சொல்ல முடியும். ஒரே ஈற்றில் பிறந்த பத்துக் குட்டிகளைப் பத்துத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணியிருந்தால் முடிவின் உறுதி பொய்யாக உயர்ந்திருக்கும்; அவை ஒரே தாயின் கவனிப்பைப் பகிர்ந்தவை. ஆண், பெண் இரு பாலும் சேர்க்கப்பட்டனவா என்பதையும் பாருங்கள்.

மனிதர்களிடம் வரும்போது எச்சரிக்கை இன்னும் கூட வேண்டும். 1998-இல் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் அமெரிக்காவில் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, குழந்தைப்பருவத் துன்பங்களின் எண்ணிக்கை கூடக்கூடப் பிற்கால நோய்களும் கூடுவதைக் காட்டியது. ஆனால் அது பெரியவர்கள் நினைவிலிருந்து சொன்னதைச் சார்ந்தது. வன்முறை நிறைந்த வீட்டில் வளர்ந்தவருக்குத் தலையில் அடிபடும் வாய்ப்பே அதிகம் என்பதால், முந்தைய காயத்தின் விளைவையும் அழுத்தத்தின் விளைவையும் பிரிப்பது கடினம். இந்த வகையில், 2000-இல் ருமேனியாவின் புக்கரெஸ்டில் தொடங்கிய ஆய்வு அரிதானது. காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியினர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களின் அறிவு வளர்ச்சியும், வளர்ப்பவரிடம் கொள்ளும் பற்றுதலும் மேம்பட்டன, பல அளவீடுகளில் இளம் வயதிலேயே சென்றவர்களுக்குப் பலன் கூடுதலாகவும் இருந்தது. அது மூளைக்காயத்தை அளந்த ஆய்வு அல்ல. ஆயினும் தொடக்கத்தில் நேர்ந்த குறை பின்னர் கிடைக்கும் கவனிப்பால் மாறக்கூடியது என்பதற்கு மனிதரிடமிருந்தே கிடைத்த சான்று.

வீட்டில் ஒருவர் தலைக்காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்தால், அவருடைய சம்மதத்தோடு, குழந்தைப்பருவக் கொடுமைகளையும் முன்பு தலையில் பட்ட அடிகளையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். துன்பங்களைக் கூட்டிப் பெற்ற ஒரு மதிப்பெண்ணைக் கொண்டு தனி ஒருவர் எப்படி மீள்வார் என்று கணிக்க முயலாதீர்கள். தூக்கம், சோர்வு, எரிச்சல், மறதி ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி, மறுபரிசோதனைக்கு எடுத்துச் செல்லுங்கள். வாந்தி தொடர்ந்தாலோ, தலைவலி மோசமானாலோ, குழப்பமோ வலிப்போ ஏற்பட்டாலோ மறுபரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.