கருப்பு வவ்வால் யாருக்குச் சொந்தம்? பைத்தானிலிருந்து நம் கணினியிலேயே பிளாஸ்ட் ஓட்டுவது

தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது அக்கா மகள் கேட்டாள்: "மாமா, வெள்ளை வவ்வால், கருப்பு வவ்வால் ரெண்டும் ஒரே மீன்தானே, நிறம் மட்டும்தானே வேற?"

பெயரை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மலாயிலும் பாவால் பூத்தே, பாவால் ஹீத்தாம் என்று நிறத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். ஆனால் வெள்ளை வவ்வால் பாம்பஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. கருப்பு வவ்வாலின் அறிவியல் பெயர் பாராஸ்ட்ரோமேட்டியஸ் நைகர். அது பாரை மீன்களின் குடும்பம். பெயரில் பங்காளிகள், பிறப்பில் வேறு வேறு வீடு.

அவள் பாலிடெக்னிக்கில் உயிரியல் படிக்கிறாள், பைத்தானும் கொஞ்சம் தெரியும். அன்று மாலை இரண்டு பேரும் மடிக்கணினியோடு உட்கார்ந்து டிஎன்ஏ வரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு. கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். எழுத்துக்கூட்டலில் குழப்பம் வரக்கூடிய இடங்களில் எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறேன்.

எதற்காக நம் கணினியில்?

பிளாஸ்ட் என்பது ஒரு டிஎன்ஏ அல்லது புரத வரிசையை எடுத்துக்கொண்டு, பெரிய தொகுப்பில் அதற்கு ஒத்த பகுதிகளைத் தேடித்தரும் நிரல். 1990இல் ஆல்ட்சுல், கிஷ், மில்லர், மையர்ஸ், லிப்மன் ஆகிய ஐவர் வெளியிட்டது. இன்று நாம் நிறுவுவது பிளாஸ்ட் பிளஸ் என்ற புதுக் கட்டமைப்பு. அமெரிக்க அரசின் உயிர்த்தொழில்நுட்பத் தகவல் மையமான என்சிபிஐயின் இணையதளத்தில் இதை இலவசமாகவே ஓட்டலாம். ஒன்றிரண்டு வரிசைகளுக்கு அதுவே போதும்.

ஆய்வகத்திலிருந்து 96 குழித் தட்டு ஒன்று முழுவதற்கும் வரிசைகள் வந்துவிட்டால் கதை வேறு. நிரல் எழுதி என்சிபிஐ வழங்கியைத் தட்டுகிறவர்கள் 10 நொடிக்கு ஒரு தடவைக்கு மேல் தட்டக்கூடாது. 50 தேடலுக்கு மேல் இருந்தால் வார இறுதியிலோ, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி இரவு 9 முதல் காலை 5 வரையிலோ ஓட்டச் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் அது காலை 9 முதல் மாலை 5 வரை (அவர்களுக்குக் குளிர்காலம் என்றால் 10 முதல் 6). நமக்கு வசதியான நேரம்தான். ஆனாலும் வரிசையில் நின்று காத்திருக்க வேண்டும், வெளியிடாத தரவை வெளியே அனுப்பவும் வேண்டும். நம் கணினியில் ஓட்டினால் இரண்டும் இல்லை.

நிறுவுதல்

உபுண்டுவில் ஆப்ட் வழியாகவும், மேக்கில் ஹோம்புரூ வழியாகவும், காண்டா வைத்திருந்தால் பயோகாண்டா வழியாகவும் நிறுவலாம். விண்டோஸுக்கு என்சிபிஐ தளத்தில் நிறுவி கிடைக்கிறது. நிறுவியதும் முனையத்தில் பிளாஸ்ட்என் -வெர்ஷன் என்று தட்டுங்கள். பதிப்பு எண் வந்தால் வேலை முடிந்தது.

நூலகத்தைத் தயாரித்தல்

மீனை அடையாளம் காண சிஓஐ என்ற மைட்டோகாண்டிரியா மரபணுவின் சுமார் 650 எழுத்து நீளமுள்ள துண்டைப் பயன்படுத்துவார்கள். 2003இல் கனடாவின் குயெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹீபர்ட்டின் குழு முன்வைத்த டிஎன்ஏ பார்கோடு முறை இது. என்சிபிஐயின் பொது டிஎன்ஏ வரிசைத் தொகுப்பான ஜென்பேங்கில் மீனின் அறிவியல் பெயரோடு சிஓஐ என்று சேர்த்துத் தேடி, ஃபாஸ்டா என்ற எளிய உரை வடிவில் இறக்கிக்கொள்ளுங்கள். வெள்ளை வவ்வால், கொடுவா, வஞ்சிரம், பாரை என்று ஆளுக்கு மூன்று நான்கு வரிசைகள் போதும். எல்லாவற்றையும் மீன்.ஃபாஸ்டா என்ற ஒரே கோப்பில் ஒட்டிவிடுங்கள்.

ஃபாஸ்டாவில் ஒவ்வொரு வரிசைக்கும் மேலே > குறியோடு ஒரு தலைப்பு வரி இருக்கும். முதல் இடைவெளி வரை உள்ளதைத்தான் பிளாஸ்ட் அடையாளப் பெயராக எடுத்துக்கொள்ளும். விடைப் பட்டியலில் மீன் பெயரும் தெரிய வேண்டும் என்றால் இடைவெளிக்குப் பதிலாக அடிக்கோடு போடுங்கள்: >பாம்பஸ்_அர்ஜென்டியஸ்_1 என்பது போல. அடையாளப் பெயர் ஒவ்வொன்றும் வேறாக இருக்கட்டும். கோப்புறைப் பெயரிலும் இடைவெளி வேண்டாம். தரவுத்தளத்தின் பெயரில் இடைவெளி இருந்தால் பிளாஸ்ட் அதை இரண்டு தரவுத்தளங்கள் என்று நினைத்துக்கொள்ளும்.

இப்போது தரவுத்தளம்:

மேக்பிளாஸ்ட்டிபி -இன் மீன்.ஃபாஸ்டா -டிபிடைப் நியூக்ல் -அவுட் மீன்டிபி

நியூக்ல் என்பது நியூக்கிளியோடைடு என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகள். புரதம் என்றால் அந்த இடத்தில் பிராட், அதாவது புரோட்டீனின் முதல் நான்கு எழுத்துகள். ஓட்டி முடித்தால் மீன்டிபி என்று தொடங்கும் பல கோப்புகள் உருவாகும். அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள்.

பைத்தானிலிருந்து தேடல்

அடையாளம் தெரிய வேண்டிய வரிசைகளைக் கேள்வி.ஃபாஸ்டா என்ற கோப்பில் வையுங்கள். பயிற்சிக்கு ஜென்பேங்கிலிருந்து ஒரு கருப்பு வவ்வால் வரிசையை எடுத்து, "தெரியாதது" என்று பெயர் மாற்றி வைத்தாலே போதும். பிறகு:

இம்போர்ட் சப்பிராசஸ்
கட்டளை = ["பிளாஸ்ட்என்", "-டாஸ்க்", "பிளாஸ்ட்என்", "-குவெரி", "கேள்வி.ஃபாஸ்டா", "-டிபி", "மீன்டிபி", "-அவுட்", "விடை.டிஎஸ்வி", "-அவுட்எஃப்எம்டி", "6 எஸ்டிடி க்யூகவ்ஸ்", "-ஈவேல்யூ", "1ஈ-5"]
சப்பிராசஸ்.ரன்(கட்டளை, செக்=ட்ரூ)

ட்ரூவின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. செக்=ட்ரூ போடாவிட்டால் பிளாஸ்ட் தவறினாலும் பைத்தான் வாயைத் திறக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும்.

பழைய விளக்கங்களில் பயோபைத்தான் என்ற உயிரியலுக்கான பைத்தான் தொகுப்பின் கமாண்ட்லைன் வகுப்புகளைக் கொண்டு இதைச் செய்திருப்பார்கள். அவற்றைக் கைவிட்டு, நேரே சப்பிராசஸையே பயன்படுத்தும்படி பயோபைத்தான் குழுவே சொல்லிவிட்டது.

அவுட்எஃப்எம்டியில் உள்ள 6 என்றால் தாவல் (டேப்) குறியால் பிரித்த அட்டவணை. எஸ் டி டி என்ற மூன்று எழுத்து, வழக்கமான 12 நெடுவரிசைகளைத் தரும். அதற்குப் பின்னால் உள்ளது க்யூ சி ஓ வி எஸ்: கேள்வி வரிசையில் எத்தனை விழுக்காடு பொருந்தியது என்பதைச் சொல்லும் 13ஆவது நெடுவரிசை. இந்த மூன்றும் சேர்ந்து பட்டியலில் ஒரே உறுப்பாகத்தான் இருக்க வேண்டும். தனித்தனியாகப் பிரித்தால் பிழை வரும். ஈவேல்யூ 1ஈ-5 என்பது, ஈ-மதிப்பு 0.00001ஐ விடப் பெரிதான பொருத்தங்களை விட்டுவிடச் சொல்கிறது. ஈ-மதிப்பு என்றால் என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

-டாஸ்க் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அதை விட்டுவிட்டால் பிளாஸ்ட்என் தானாகவே மெகாபிளாஸ்ட் முறையில் ஓடும். தேடலைத் தொடங்க அதற்கு இடைவிடாமல் 28 எழுத்து அப்படியே பொருந்த வேண்டும். ஒரே இனத்து மீன்கள் என்றால் அது எளிதில் கிடைக்கும். குடும்பம் மாறினால் சிஓஐயில் சராசரியாக ஐந்தாறு எழுத்துக்கு ஒன்று மாறியிருக்கும். 28 எழுத்து தொடர்ந்து பொருந்துவது அபூர்வம். டாஸ்க்கை பிளாஸ்ட்என் என்று மாற்றினால் 11 எழுத்து போதும். வேகம் குறையும், ஆனால் தூரத்து உறவும் கண்ணில் படும். நூலகம் சின்னது என்பதால் வேகம் இங்கே ஒரு பிரச்சினையே இல்லை.

விடையை வாசித்தல்

விடை.டிஎஸ்வியை வரிவரியாகத் திறந்து தாவலில் பிரியுங்கள். பைத்தான் 0இலிருந்து எண்ணும் என்பதால் கேள்விப் பெயர் 0, மீன் பெயர் 1, ஒற்றுமை விழுக்காடு 2, ஈ-மதிப்பு 10, பிட் மதிப்பெண் 11, பொருந்திய விழுக்காடு 12. பிட் மதிப்பெண் என்பது பொருத்தம் எவ்வளவு வலுவானது என்பதற்கான மதிப்பெண். ஒவ்வொரு கேள்விக்கும் அது அதிகமுள்ள வரியைத் தேர்ந்தெடுங்கள். ஒப்பிடும் முன் ஃப்ளோட் போட்டு எண்ணாக மாற்றிவிடுங்கள். எழுத்தாகவே ஒப்பிட்டால் 1105ஐ விட 98.5 பெரிது என்று பைத்தான் சொல்லும், ஏனென்றால் அது முதலில் 9ஐயும் 1ஐயும்தான் பார்க்கிறது.

சிலர் இந்த வேலையை மிச்சம் பிடிக்க -மேக்ஸ்_டார்கெட்_சீக்ஸ் 1 என்று போட்டு "சிறந்த ஒன்றை மட்டும் கொடு" என்று கேட்பார்கள். வேண்டாம். அந்த வரம்பு கடைசியில் வரிசைப்படுத்திய பிறகு மட்டும் வெட்டுவதில்லை. தேடலின் நடுவிலேயே வேலை செய்கிறது. அதனால் உண்மையில் சிறந்தது வெளியே தள்ளப்படலாம். எண் 5க்குக் கீழே போனால் பிளாஸ்ட்டே எச்சரிக்கை தரும். எல்லாவற்றையும் வாங்கி, பைத்தானில் நாமே பொறுக்குவதுதான் பாதுகாப்பு.

இன்னொன்று: எதுவும் பொருந்தாத கேள்விக்கு அட்டவணையில் வரியே இருக்காது. பிழைச் செய்தியும் வராது. 96 அனுப்பி 91 வந்தால் மீதி 5 எங்கே என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். கேள்விக் கோப்பின் பெயர்ப் பட்டியலோடு விடைப் பட்டியலை எப்போதும் ஒப்பிடுங்கள்.

முதல் பெயர் விடையல்ல

அன்று எங்கள் நூலகத்தில் கருப்பு வவ்வாலை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. தேடினோம். மேலே பாரை வந்தது, ஒற்றுமை எண்பதுகளின் நடுவில், ஈ-மதிப்போ பூச்சியத்துக்கு மிக அருகில். "அப்போ இது பாரை மீனா மாமா?" என்றாள்.

இல்லை. பிளாஸ்ட் சொன்னது இவ்வளவுதான்: "நீ கொடுத்த கூட்டத்தில் இதற்கு மிக நெருங்கியது பாரை." கூட்டத்தில் இல்லாத ஆளை அதால் காட்ட முடியாது. ஈ-மதிப்பு அளப்பதும் வேறு ஒன்றை: இவ்வளவு பெரிய தொகுப்பில் இப்படியொரு பொருத்தம் தற்செயலாக எத்தனை தடவை வரலாம் என்று. அதனால்தான் அது தொகுப்பின் அளவோடு சேர்ந்து மாறுகிறது. அதே பொருத்தம், பத்து மடங்கு பெரிய தொகுப்பில் ஏறக்குறைய பத்து மடங்கு பெரிய ஈ-மதிப்பைப் பெறும். ஈ-மதிப்பு சிறியது என்றால் இரண்டு வரிசைகளும் உறவு என்று நம்பலாம். ஒரே இனமா என்பதை அது சொல்லாது.

அதற்கு ஒற்றுமை விழுக்காட்டையும் பொருந்திய விழுக்காட்டையும் சேர்த்துப் பாருங்கள். மீன்களின் சிஓஐயில் ஒரே இனத்துக்குள் வேறுபாடு பொதுவாக 2 விழுக்காட்டுக்குள் அடங்கும் என்பது பலரும் வைத்திருக்கும் கைக்கணக்கு. நான் ஒற்றுமை 98க்கு மேலும் பொருத்தம் 90க்கு மேலும் இருந்தால் மட்டுமே இனப்பெயர் எழுதுவேன். சூரை மீன்களில் இந்தக் கணக்கும் கைகொடுக்காது. அங்கே வெவ்வேறு இனங்களுக்கே சிஓஐ மிக நெருக்கமாக இருக்கும்.

கருப்பு வவ்வாலின் வேறு சில வரிசைகளை நூலகத்தில் சேர்த்து, மேக்பிளாஸ்ட்டிபியை மறுபடி ஓட்டி, அதே நிரலை மறுபடி தட்டினோம். 99க்கு மேல் வந்தது. பாரை கீழே இறங்கிவிட்டது.

அட்டவணையில் மீன் பக்கத்துத் தொடக்க எண் முடிவு எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் பயப்பட வேண்டாம். உங்கள் வரிசை எதிர் இழையில் படிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

புரதமாக மாற்றித் தேட ஆசைப்பட்டால் பிளாஸ்ட்எக்ஸ் இருக்கிறது. அதற்கு பிராட் வகைத் தரவுத்தளம் வேண்டும். கூடவே -குவெரி_ஜென்கோட் 2 என்று சேர்த்துவிடுங்கள். முதுகெலும்பிகளின் மைட்டோகாண்டிரியாவில் டிஜிஏ என்ற மூன்றெழுத்து நிறுத்தக் குறி அல்ல, டிரிப்டோஃபான். இதைச் சொல்லாமல் ஓட்டியபோது எங்கள் மீன் புரதத்தின் நடுவே ஆங்காங்கே நட்சத்திரக் குறிகள் நின்றன. 2 போட்டதும் எல்லாம் போய், அந்த இடங்களில் டிரிப்டோஃபானுக்குரிய எழுத்து வந்து உட்கார்ந்தது.